எழுத்துப்பிழை இல்லாத பெயர்

வின்னிபெக்கில் நான்
ஒரு கார் வாங்கியிருக்கிறேன்.
கறுப்பு நிறம், தோல் இருக்கை,
அறுபது மாதத் தவணை.
வின்னிபெக்கை நான் கண்டதில்லை.
எனக்குக் கார் ஓட்டவும் தெரியாது.

ஸ்காபரோவில், மாக்கம் வீதியில்,
பஸ்ஸுக்கு நிற்கையில் அழைத்துச் சொன்னாள்
கடன் நிறுவனத்துப் பெண்.
கையுறையைப் பல்லால் கழற்றிக்கொண்டு
முதலில் கேட்டது இதைத்தான்:
பெயரை எப்படி எழுதியிருக்கிறது?

ஒவ்வொரு எழுத்தாய் வாசித்தாள்.
பதின்மூன்று.
கடைசி எழுத்து ஐ இல்லை, வை.
ஒன்றும் பிசகவில்லை.

இருபத்திரண்டு வருடமாய்
மருந்துக்கடையில் நான் சோரு,
பல் வைத்தியரிடம் சொரபா,
தண்ணீர்க் கட்டண உறையில்
திருவாளர் வதனி.
சொரூபவதனி என்று முழுதாய் எழுத
ஒரு கள்ளன் வரவேண்டியிருந்தது.

வீட்டில் நாங்கள் கவனம்தான்.
பின்பக்கக் கண்ணாடிக் கதவின் தவாளிப்பில்
மகன் கைவிட்ட ஹொக்கி மட்டை
குறுக்கே கிடக்கும்.
கார்த் திறப்பைப் பிஸ்கட் டின்னில் போட்டு
மூடியை இருமுறை அமத்துவார் நகுலேசர்,
வாசலில் நின்றே அதன் அலையைக்
களவெடுக்கிறார்களாம்.
கொடி வங்கிப் பெட்டகத்தில்,
கழுத்தில் கவரிங்.
கலியாணவீட்டுக்குப் போகும் இரவுகளில்
குசினிக்குள் வானொலி தனியே பேசிக்கொண்டிருக்கும்.
மொன்றியலுக்குப் போனால்
பக்கத்து வீட்டு டொலோரஸ்
எங்கள் பனியில் நடந்து
போய்வந்த தடம் வைத்துவிடுவாள்,
ஆளிருக்கும் வீடுபோல.
வாசல்மணிக் கமராவில் இதுவரை அகப்பட்டது
குப்பைத்தொட்டியைக் கவிழ்த்த ஒரு ரக்கூன்.

இவ்வளவுக்கும் உள்ளே இருந்து
என்னைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.
நிலையில் ஒரு கீறல் இல்லை.

வங்கிக்கு அழைத்தேன்.
நீங்கள்தான் நீங்கள் என்று
உறுதிசெய்ய வேண்டும் என்றான் பையன்,
மரியாதையாகத்தான்.
உங்கள் முதல் வளர்ப்புப் பிராணியின் பெயர்?
நான் ஒன்றும் வளர்த்ததில்லை.
மன்னிக்கவும், பதில் பொருந்தவில்லை.
போன கிழமை நீங்களே மாற்றியிருக்கிறீர்கள்.

ஆக, அவளிடம் ஒரு நாய் இருக்கிறது.
அல்லது பூனை.
கறுப்புக் காரின் பின்னிருக்கையில்
தலையை வெளியே நீட்டி
அது காற்று வாங்குவதை
இரண்டு இரவு யோசித்துக் கிடந்தேன்.
என்னைவிட நன்றாய்
என்னை வாழ்கிறாள்.

மூன்றாம் இரவு நினைவு வந்தது.
தைப்பொங்கலுக்கு முதல் கிழமை,
சேலைக்கடைக்குள் ஒரு மேசை.
குலுக்கல். ஐந்து பவுண் சங்கிலி.
விழுந்தால் வரிக்குத் தேவைப்படும் அக்கா என்று
சிரித்தபடி சொன்ன பிள்ளைக்கு
பிறந்த திகதி, தொலைபேசி,
சமூகக் காப்புறுதி இலக்கம், ஒன்பதும்
மனப்பாடமாய்.
அதில் எனக்கு ஒரு பெருமை வேறு.
பேனையை அழுத்தி எழுதினேன்,
பெரிய எழுத்தில், கட்டத்துக்கு ஒன்றாய்.
ஐ இல்லைத் தங்கச்சி, வை என்று
நானே காட்டிக் கொடுத்தேன்.

ஹொக்கி மட்டைக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்காது.

நகுலேசருக்கு இன்னும் சொல்லவில்லை சங்கிலிக் கதையை.
பொலிஸுக்குச் சொன்னேன்.
கணக்குகளைப் பூட்டினார்கள், புதிது திறந்தார்கள்.
கேள்விகளுக்கு
உண்மைதான் எழுதவேண்டும் என்றில்லை என்றாள்
கடன் நிறுவனத்துப் பெண்,
உங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.
அப்படியே செய்தேன்.
எனக்கும் இப்போது ஒரு பிராணி உண்டு.
பெயரை உங்களுக்கும் சொல்லமாட்டேன்.

நேற்று மருந்துக்கடையில்
சோரு, சோரு என்று கூப்பிட்டான் பையன்.
வழக்கமாய்த் திருத்துவேன்.
கையை உயர்த்தி
ஓம், நான்தான் என்றேன்.
கிடக்கட்டும் அந்தப் பிழை,
கதவுக்குக் குறுக்கே.