எவ்விடம்?

வின்னிபெக்கில் இரவு இரண்டேகால்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
தலையில் ஹெட்செட், குவளையில் ஆறிய தேத்தண்ணி.
இன்டர்நெட் கொம்பனியின் உதவி மேசை,
ஏழாவது கதிரை, நான்.

முதலில் பிராண்டனிலிருந்து ஒரு கிழவர்.
பிரின்டர் கேட்கிறதாம் ஐபி முகவரி.
"என் முகவரி அதுக்கெதுக்கு?
கடையிலிருந்து தூக்கி வந்ததே நான்தானே."
கறுப்புச் சன்னலைத் திறக்கச் சொல்கிறேன்,
ஒரு சொல்லைத் தட்டச் சொல்கிறேன்.
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, நூற்று அறுபத்தெட்டு,
பூச்சியம், பதினான்கு.
லொத்தர் சீட்டைப் போல மெல்ல வாசிக்கிறார்.

அது வீட்டுப்பேர், ஐயா.
பேபி, சின்னான், ராசன் என்கிற மாதிரி.
தெருவுக்கு நாலு பேபி இருக்கும்.
படலை தாண்டினால் செல்லாது.
வெளியே போக வேறொன்று, நாங்கள் தந்தது,
நீங்கள் தட்டுகிற கதவெல்லாம்
உங்களுக்கு முன்னே போய் நிற்பது.
(இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னேன்
என்று கேட்காதீர்கள்.)

அடுத்த அழைப்பில் மூச்சு மட்டும்.
திரையில் பெயர்: பி. கமலவேணி.
பெயரைக் கண்டதும் மொழியை மாற்றினேன்.
மாற்றியிருக்கக் கூடாதோ?
மூச்சும் நின்றுவிட்டது.
பிறகு, சுவருக்குக் கேட்காத குரலில்:
"தம்பி, ஒரு நம்பர் தெரிஞ்சால்
ஆளை வந்து பிடிக்கலாமோ?"

யார் என்று நான் கேட்கவில்லை.
மெயில் வந்ததாம். திறந்தாவாம்.
உள்ளே ஒரு பூங்கொத்தின் படம்,
வேறு ஒரு சொல்லும் இல்லை.

இலக்கம் ஊரைச் சொல்லும்,
சிலவேளை அதையும் பிழையாய்.
தெருவைச் சொல்லாது.
மூன்றாம் மாடியில்
சங்கிலி போட்ட கதவைச் சொல்லாது.
அது எங்கள் ஏட்டில் மட்டும்;
நீதவானின் கடிதம் இல்லாமல் ஏடு திறக்காது.
மெயிலில் படங்கள் தானாய்த் திறக்காமல் நிறுத்துங்கோ.
மோடத்தைக் கழற்றி வைத்தால் இலக்கம் மாறலாம்,
மாறாமலும் விடலாம்.

இவ்வளவும் கையேட்டில் உள்ளது.
ஆனால் அவவுக்குப் பின்னால்,
இந்த நேரத்தில், ஒரு கார்ட்டூன் சத்தம்.

"பிள்ளையின்ரை டேப்லெட்
ஆர் வாங்கிக் குடுத்தது?"

"அவர்தான்.
போன பிறந்தநாளுக்கு."

ஒவ்வொன்றாய் அணைத்தோம்.
இருப்பிடம். குடும்பக் கணக்கு.
பழைய கடவுச்சொல்: கலியாணத் தேதி.
கார்ட்டூன் நின்றது, பிள்ளை அழுதது,
அவ அதட்டவில்லை.

எனக்கு அப்போது ஞாபகம் வந்தது
கொட்டாஞ்சேனை லொட்ஜ்.
பொலிஸ் பதிவுத் துண்டு சட்டைப் பையில் இருக்க
சட்டையோடு நித்திரை கொண்ட ஏழு மாதம்.
சொல்லவில்லை. அழைப்புகள் பதிவாகின்றன.

வைக்கும் முன், பழக்கத்தில் கேட்டா,
எங்கள் ஆட்கள் எல்லாரும் கேட்பது போல:
"தம்பி ஊரிலை எவ்விடம்?"

அந்தக் கேள்வியைத் தெரியும் எனக்கு.
ஊரில் தொடங்கும், கோயிலடியில் நிற்கும்,
ஒழுங்கைக்குள் திரும்பும்,
எந்தக் கிணற்றில் தண்ணி அள்ளினோம் என்று
கண்டுபிடித்த பிறகுதான் கதிரை தரும்.
எந்த இயந்திரமும்
இன்னும் அவ்வளவு கிட்ட வரவில்லை.

"வின்னிபெக்" என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு சிரித்தா.
"நானும்தான்."

அவவின் முகவரிக் கட்டம்
திரையில் திறந்தே கிடந்தது.
வாசிக்காமல் மூடினேன் என்று எழுத ஆசை.
கண் முந்திவிட்டது.
அதனால்தான் சொல்கிறேன்:
மேலே உள்ள மூன்றாம் மாடி
வேறு யாருடையதோ.
பெயரும் அப்படித்தான்.
பூங்கொத்தை மட்டும் மாற்றவில்லை.