இடமில்லை

முற்றிய கறிவேப்பிலையின் நிறம்.
டிக்கியில் ஒரு நெல் மூட்டை கொள்ளாது.
அறுபத்தாறாம் வருஷத்து எம்.ஜி. மிட்ஜெட் என்றால்
மன்னார்குடியில் பெட்ரோல் போடுகிற பையன் கேட்கிறான்:
"எம்.ஜி. சரிக்கா, ஆரு எங்க விழுந்துச்சு?"

குன்னூரில் ஒரு தேயிலைத் தோட்டக்காரர் விற்றார்.
கூட்டுறவு வங்கியில் இருபத்தாறு வருஷம்
அடுத்தவர் நகையை எடைபோட்டவள் நான்.
என் ஆரத்தை அடகு வைக்கவில்லை.
விற்றேன்.
மீட்கும் எண்ணமே இல்லை.

வீட்டில் இரண்டு நாள் யாரும் பேசவில்லை.
மூன்றாம் நாள் ஓரகத்தி கேட்டாள்,
"இதுல எத்தன பேர் போலாம்?"
ரெண்டு.
"நெருக்கி உக்காந்தா?"
ரெண்டு.

நெருக்கி உட்கார்ந்தே வளர்ந்தவள்.
அம்பாசடரில் எட்டாவது ஆளாக,
கதவுக் கைப்பிடிக்கும்
யாரோ ஒருத்தர் பிள்ளையின் தூக்கத்துக்கும் நடுவே
எத்தனை கல்யாணம், எத்தனை காதுகுத்து.
"கொஞ்சம் தள்ளிக்க"
என்பது என் இன்னொரு பெயர் என்றே நினைத்திருந்தேன்.
இப்போது "இடமில்லை" என்கிறேன்,
பொய் ஒரு சிட்டிகைகூடக் கலக்காமல்.
அச்சுவெல்லம் போலக் கரைகிறது வாயில்.

ஞாயிறு, காலை ஐந்தரை.
சோக்கை இழுத்து
ஒருமுறை கெஞ்சி
ஒருமுறை திட்டி
மூன்றாவதுக்குத் தும்மும், பற்றிக்கொள்ளும்.
நின்ற இடத்தில் எட்டணா அகலத்துக்கு எண்ணெய்.
"ஒழுகுதேன்னு பயப்படாதீங்க மேடம்"
என்பார் கூத்தாநல்லூர் ஜபருல்லா.
வாரம் முழுக்க டிராக்டர் பார்ப்பவர்.
"ஒழுகலன்னாதான் பயம். உள்ள ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்."

கோரையாற்றுக் கரை.
மீட்டர் முப்பது காட்டும்; அது மைல்.
தரைக்கு ஒரு முழம் மேலே உட்கார்ந்து போகிறவளுக்கு
அதுவே பறப்பதுதான்.
நாற்றங்கால் சேறு நேரே மூக்குக்கு வருகிறது.
மடையில் தண்ணீர் விழும் சத்தம்
ஒரு காதில் நுழைந்து
மறு காதைத் தொடுமுன் அடுத்த மடை.
வளைவில் கியரை இறக்கும்போது
உள்ளங்கையில் ஒரு சின்ன முறிவு,
பிஞ்சு வெண்டைக்காயின் நுனி ஒடிகிறாற்போல.
அதற்காகவே
தேவையில்லாத வளைவுகளில் எல்லாம் இறக்குகிறேன்.

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தால்
ஊரே சலித்துக்கொள்ளும். எனக்கு அது ஆகாயம் பார்க்கும் நேரம்.
பக்கத்துப் பஸ் ஜன்னலிலிருந்து
என் மடியில் திறந்த டிபன் டப்பா தெரியும்.
"என்ன சட்னி?" என்றார் ஒருவர்.
சொன்னேன்.
கூட்ஸ் இன்னும் போய்க்கொண்டிருந்தது.

பங்குனியில் ஒருநாள், வடுவூர் தாண்டி,
ரோட்டை அடைத்து உளுந்துச் செடி.
லாரிச் சக்கரம் அடித்துக் கொடுக்கட்டும் என்று பரப்பியது.
நிறுத்திவிட்டேன்.
சைலன்சர் தரையோடு தரை, சருகு பற்றினால் முடிந்தது.
அஞ்சம்மாள் (பெயர் பிறகுதான் தெரியும்)
வண்டியை ஒரு சுற்று வந்து உதட்டைப் பிதுக்கினார்:
"இது ஏறி என்னத்த ஒடையப் போவுது. எட பத்தாது."
செடியை வாரி வழி விட்டவர்
கேட்காமலே கதவைத் திறந்து உட்கார்ந்தார்,
டீக்கடை வரைக்கும்.
காலை நீட்டினார்.
இன்னும் கொஞ்சம் நீட்டினார்.
"அட, எதுலயும் முட்டலியே!"
வழியெல்லாம் அவ்வளவுதான் பேச்சு.
மடியிலிருந்தும் முந்தானையிலிருந்தும்
உளுந்து உதிர்ந்துகொண்டே வந்தது.

சித்திரையில் ஒரு கோடை மழை.
கித்தான் கூரை வழக்கம்போல் ஒழுகியது.
ஒரு வாரம் கழித்து
இடப்பக்கக் கால்மிதிக்கு ஓரமாய்
வெளிறிய தண்டு, ரெண்டு இலை.

"பிடுங்கிடவா மேடம்?"
இருக்கட்டும், என்றேன்.
பிரேக்கைப் பாருங்கள் முதலில்.