தட்டு

வெள்ளவத்தையில் காலை ஐந்தரை
அவர்களுக்கு நேற்றைய இரவு.
நேற்றை நேரலையில் பார்க்கிறேன்,
கைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து
பாணுக்கு மாஜரீன் பூசியபடி.

என் அணியின் பெயரைச் சொல்ல மாட்டேன்.
சொன்ன வருடங்களில் தோற்றது.
சொல்லாத வருடங்களிலும் தோற்றதுதான்,
ஆனால் அந்தப் பழி என்மேல் இல்லை.

சித்திரையில் பதினாறு அணி, வைகாசியில் நாலு.
ஏழில் நாலை வென்றால் மேலே.
கீழே காலி வீதியில் மழை தின்ற வெசாக் கூடுகள்
ஈர்க்கும் நூலுமாய்த் தொங்குகின்றன.
கூட்டுக்கும் கூடைக்கும் நடுவே ஓர் ஐகாரம்.

கடைசி இரண்டு நிமிடம்
இருபது நிமிடம் ஓடும்.
விசில், இளைப்பாறல், திரையில் மறுபடி, மறுபடி.
அவர்களுடைய மணிக்கூடு நிற்கும்.
எட்டு இரண்டு ரயில் எனக்காக நிற்காது.

போன சனிக்கிழமை பம்பலப்பிட்டியில்
கடலைப் பார்த்த ஒழுங்கையில் ஒரு வீடு காலியானது.
மெல்பேர்னுக்குப் போகும் மிஸிஸ் ஸ்கொக்மன்
பியானோவை ஹோட்டலுக்கும்
நாயை மச்சாளுக்கும் கொடுத்தா.
இசைத்தட்டுகளை என்ன செய்வதென்று தெரியவில்லை.
துவான் ரஸீன் முதலில் போய்
நல்லதையெல்லாம் தூக்கிக்கொண்டு
"அக்கா, மிச்சம் இருக்கு" என்று கோல் எடுத்தான்.
எங்கள் நட்பு அப்படி.

நாற்பத்தொரு தட்டு. பூஞ்சை மணம்.
சவர்க்கார நீர், பழைய வேட்டித் துண்டு,
வரி ஓடும் திசையிலேயே துடைக்க வேண்டும்,
குறுக்கே ஒருபோதும் இல்லை.
ஃபேனுக்குக் கீழே காயவைத்தால்
வீடு முழுக்கக் கறுத்த நிலவுகள்.

ரஸீன் சொல்வான், ஜாஸும் கூடைப்பந்தும் ஒன்றுதான்,
ஐந்து பேர், ஒருவன் எழும்ப
நாலு பேர் இடம் விடுகிறார்கள்.
நான் சொல்வேன், இல்லை.
ஒன்றில் கடைசியில் எண் இருக்கிறது.
மற்றதில் இல்லை.
நான் ஒப்புக்கொள்வது தமிழை மட்டும்தான்:
பந்தைத் தட்டு என்கிறது,
பாடும் வட்டத்தையும் தட்டு என்கிறது.

முப்பத்தாறாவது தட்டு. ஏதோ ஒரு கிளப், நேரடிப் பதிவு.
இரண்டாம் பக்கத்தில் டெனர் சாக்ஸ் ஒதுங்க
பாஸ்காரன் தனியே நடக்கிறான்.
யாரோ இருமுகிறார்கள்.
கிளாஸ் ஒன்று விழுந்து உடைகிறது.
அடுத்த அடிக்கு முன்பே டிரம்மர் அந்தச் சத்தத்தைத்
தாளத்தட்டில் திருப்பிச் சொல்லிவிடுகிறான்.

உள்ளுறையில் பென்சில் எழுத்து.
104–101.
96–99.
இப்படி ஆறு வரி. கீழே ஒரு கோடு.
ஏழாவதில் 98, ஒரு சின்னக் கீறல், பிறகு ஒன்றுமில்லை.

"அடகுக்கடை இலக்கம்" என்றான் ரஸீன்.
"ஹியூபர்ட் பிரிட்ஜ் விளையாடுவார்" என்றா மிஸிஸ் ஸ்கொக்மன்,
பெட்டிக்கு நாடா ஒட்டுவதை நிறுத்தாமலே.
எனக்கோ வேறு மாதிரித் தெரிகிறது:
சிற்றலை வானொலியில் காதை ஒட்டி ஒரு மனிதர்,
இதே ஊர், இதே ஈரக்காற்று,
எதிரணியின் எண்ணைச் சொல்லும் அந்த நொடியில்
குரல் இரைச்சலாகிக் கரைகிறது.

தேடினால் பத்து விநாடியில் கிடைக்கலாம்,
எந்த ஆண்டு, எந்த இரண்டு ஊர், கோட்டுக்கு அப்பால் என்ன.
தேடவில்லை.
தேடினால் அது பிரிட்ஜாகவும் இருந்துவிடலாம்.

இன்று எங்களுக்கு ஏழாவது ஆட்டம்.
நேற்றிரவே சொல்லி வைத்திருந்தேன்,
வயிற்றோட்டம், வேலைக்குப் பிந்துவேன் என்று.
பத்தொன்பது புள்ளியில் தோற்றோம்.
கடைசி இரண்டு நிமிடம்
இரண்டே நிமிடத்தில் முடிந்தது.
வென்றவர்கள் பந்தைச் சும்மா தட்டிக்கொண்டு நின்றார்கள்.

எட்டு இரண்டு ரயிலுக்கு
ஆறு நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தேன்.
"வயிறு எப்படி" என்று கேட்டார் மனேஜர்.
காப்புறுதிக் கோவைகளில் நாள் முழுக்க எண்கள்,
எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கமும் இருந்தன.

இரவு ஊசியை இறக்கினேன்.
மழை. இருமல்.
இன்றைக்கும் கிளாஸ் விழுந்தது.
டிரம்மர் பிடித்துவிட்டான்.