நான்கு இலக்க எண்கள்

அந்தத் தீவில் மொத்தம் எழுநூற்றுப் பன்னிரண்டு பேர்.
எங்கள் பொம்மனஹள்ளி அடுக்ககத்தில் அதைவிடக் கூட்டம்.
தொலைபேசி எண்கள் நான்கே இலக்கம்.
எல்லோர் பில்லும் என் திரையில்.

பிழைப்பு மீன், தபால்தலை,
பிறகு லண்டன் அனுப்பும் மானியம்.
விமானம் இறங்கச் சமதரை கிடையாது.
மாதம் ஒரு கப்பல்.

இரவு இரண்டரைக்கு ஹில்டா பென்ரோஸ்.
கரகரத்த லைனில்
பில் சரிதான் என்றார்,
கப்பல்தான் இன்னும் வரவில்லை,
உருளைக்கிழங்கு தீர்ந்துபோச்சு.
அதற்கு என்னிடம் பொத்தான் இல்லை.

"நீ எங்கே, துறைமுகப் பக்கமா?"
சொல்லக்கூடாது, விதி.
"கொஞ்சம் தள்ளி" என்றேன்.

விடிந்து கேப் இறக்கிவிட்டது.
வாசலில் காலிக் குடங்கள், மஞ்சப்பா.
"டேங்கர் பந்தில்லா மேடம்."
எங்கே நிற்கிறதாம்?
சில்க் போர்டில்.