ஒரு கோடரி, இரண்டு பேர்

மே பிறந்துவிட்டது. கிரான் நகரில்
லைலாக் பூத்து, பழுத்து, நடைபாதையில் உதிரவும் உதிர்ந்தாயிற்று.
மலைக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

வாடகைக் கடையில் மிச்சமிருந்தது
ஒரே ஒரு பனிக்கோடரி.
"போதும்" என்றான் விதோமிர்.
"எல்லாம் உருகியிருக்கும்."

பல் செய்யும் பட்டறையில்
எட்டு வருடம் எதிரெதிர் மேசை நாங்கள்.
அவன் மெழுகில் வடிப்பான்,
நான் பீங்கானுக்கு நிறம் ஏற்றுவேன்.
எந்த வாய்க்கு எந்த வெள்ளை என்பதில்
ஒருநாளும் ஒத்துப்போனதில்லை.

லார்ச் மரங்களில் அப்போதுதான் பச்சை கசியத் தொடங்கியிருந்தது.
மரங்கள் முடிந்ததும் பாறை.
சிவப்பு வளையத்துக்குள் வெள்ளைப் பொட்டு:
வழிக்குறி சொன்ன இடத்தில் கை வைத்தோம்,
சொல்லாத இடத்தில் முட்டியை வைத்தோம்.
உள்ளங்கை சுட்டது,
அதே பாறையின் நிழல் பக்கம் விரல் விறைத்தது.
மேலே எங்கோ ஒரு மலையாடு
கூழாங்கல்லை உதைத்துவிட்டுப் போனது,
எங்களுக்கென்றே உதைத்ததுபோல.

பிறகு அந்த ஓடை.
தண்ணீரில்லாத, பனி அடைத்த, செங்குத்தான ஓடை.
பிடித்துவந்த இரும்புவடம்
துணிக்குள் போன நூலாய்ப் பனிக்குள் புகுந்து
எதிர்ப்புறத்தில் எழுந்தது.
நடுவே ஒரு வகுப்பறை அகலம்.

முதலில் நான்.
வெட்டு, ஊன்று, மிதி.
வெட்டு, ஊன்று, மூச்சு விடு.
இருபத்தாறு அடி. எண்ணியது கீழே பார்க்காமலிருக்க.

கோடரியைத் திருப்பி எறிந்தேன்.
விதோமிர் கை நீட்டினான்.
பாறையில் பட்டு ஒரு "டிங்",
தட்டில் விழுந்த பல்லின் சத்தம்.
முதலில் மெல்ல நழுவி,
பிறகு போகவேண்டிய இடம் நினைவுக்கு வந்ததுபோல்
விரைந்து மறைந்தது.

"சாப்பாடு என்னிடம்" என்று கத்தினான்.
"தண்ணீர் என்னிடம்" என்று கத்தினேன்.
வேறென்ன பேச.

அவித்த முட்டைகளை எறிந்தான்.
ஒன்றைப் பிடித்தேன்.
இன்னொன்று பனியில் குத்தி,
ஓடு பிளந்து, அங்கேயே நின்றது.
வெள்ளைக்கு அருகே வெள்ளை.
"ஸார்யா! பனிதான் பழுப்பு!"
"ஆமாம். புகைபிடிப்பவன் கடைவாய்!"
எட்டு வருடத்தில் முதல் ஆமாம்.

அப்போதுதான் மேலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள்.
அறுபது வயதிருக்கும். கிழிந்த ஓட்டக் காலணி.
ஆப்பிள் கடித்தபடியே
குதிகாலால் குத்திக் குத்திக் கடந்தாள்,
காய்கறிச் சந்தையைக் கடப்பவளாக.
எங்கள் முட்டையைச் சுற்றிப் போனாள்.
"மதியத்துக்கு மேல் இது இளகும்" என்றாள்.
அவ்வளவுதான். போய்விட்டாள்.

அவள் விட்டுப்போன குழிகளில்
அவன் இந்தப் பக்கம் கிளம்பினான்,
நான் அந்தப் பக்கம்.
நடுவில் முட்டிக்கொண்டோம்.
ஒரு குழியில் இரண்டு பேர் நிற்க முடியாது.
உச்சி என் முதுகுக்குப் பின்னால், முக்கால் மணி தூரத்தில்.
அங்கே தகரப்பெட்டியில் ஒரு நோட்டு,
பெயர் எழுதப் புதுப் பேனா வாங்கி வைத்திருந்தேன்.
ரொட்டி அவன் பையில்.

அவன் பின்னால் நகர்ந்தான். நான் இறங்கினேன்.

ஓடையின் அடியில், பனி மெலிந்து கிழியும் விளிம்பில்
ஊதாக் குரோக்கஸ் பூக்களின் நடுவே
நட்டுவைத்தாற்போல் நின்றது கோடரி.
ஒரு பூவுக்கும் அடியில்லை.
விதோமிர் அதைப் பிடுங்காமல் கொஞ்ச நேரம் நின்றான்.
நானும் அவசரப்படவில்லை,
கடை ஆறுக்கு மூடிவிடும் என்று தெரிந்தும்.

திங்கட்கிழமை ஒரு சீட்டு வந்தது:
கீழ்க் கடைவாய், ஆண், புகைப்பழக்கம்.
நிறப்பட்டையைப் பார்க்காமலே "பனி" என்றான்.
பொடி டப்பாவைத் திறக்கப்போன நான்
நின்று கேட்டேன்:
"வெயிலில் இருந்ததா, நிழலில் இருந்ததா?"

மதியம்வரை முடியவில்லை அந்தச் சண்டை.