வலது கால்

என் ஷூக்களில் வலதுதான் தேயும்,
அதுவும் முன்பாதி மட்டும்.
கிரிம்ஸ்பியில் அதைத் தைத்துத் தருபவர்
ஒவ்வொரு வசந்தத்திலும் கேட்பார்:
"டில்லிஸ், ஒற்றைக் காலிலா நடக்கிறாய்?"
நடப்பதில்லை.
ஒரு நாளைக்கு ஆறு பேரை
அந்தக் காலால் அனுப்பிவைக்கிறேன்.

தகனக்கூடத்து ஆர்கன் அது.
விரலின் பலம் அதற்குப் பொருட்டில்லை.
கோபித்து அடி, கொஞ்சித் தொடு,
ஒரே குரலில்தான் பதில் சொல்லும்,
நகராட்சிக் குமாஸ்தா மாதிரி.
பியானோவில் தொட்ட சுரம்
தொட்ட நொடியிலிருந்தே சாகத் தொடங்கும்;
பெடலை மிதித்தால் சாவு கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவே.
ஆர்கனில்
விரலை எடுக்கும்வரை எதுவும் சாகாது.
ஏற்றமும் இறக்கமும்
குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் நடுவில்,
ரப்பர் ஒட்டிய ஒரு சாய்பலகையில்.

புதிதாக வருகிறவர்கள்
கார் ஓட்டுவதாக நினைத்துக்கொள்வார்கள்.
வரிக்கு வரி மிதிப்பார்கள்,
பாட்டுக்குக் குமட்டல் வந்துவிடும்.
நானும் அப்படித்தான் இருந்தேன்
க்ளீதார்ப்ஸ் கடற்கரை நடன அரங்கில்,
இருபத்தைந்து வயதில், பச்சைப் பட்டுச் சட்டையில்.
இங்கே வந்து கற்றது:
கால் இருப்பதே தெரியக்கூடாது.
மகன் பேச எழுந்தால் கொஞ்சம் குதிகால்.
யாரோ மூக்கை உறிஞ்சினால் அரை விரற்கடை ஏற்றம்,
துணிந்து அழட்டும் என்று.
திரை மூடும்போது மட்டும் முழுப் பாதம்.
திரைக்குப் பின்னால்
பெட்டியை இறக்கும் மோட்டார் ஒன்று உண்டு.
அதை யாரும் கேட்கக்கூடாது.
பதினொரு வருடமாக நானும் கேட்டதில்லை.

ஒருமுறை ஆர்கன் பழுதாகி
கடன் வாங்கிய கீபோர்டில் வாசித்தேன்.
பெடல் வேறு கம்பெனி, உள்ளே கம்பி மாறியிருந்தது,
எல்லாம் தலைகீழ்.
திருமதி பீகாக்கின் மௌன அஞ்சலியில்
பக்தியோடு குதிகாலை இறக்கினேன்;
ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.
அவருடைய தங்கைகள் சிரித்தார்கள்.
அவளும் இப்படித்தான் கதவைத் திறந்துகொண்டு வருவாள் என்றார்கள்.

போன மாதம், செவ்வாய், காலை ஒன்பது.
ஒன்பது மணி நகராட்சியின் நேரம்,
ஆள் இல்லாதவர்களுக்கு.
தாளில் நார்மன் ஸ்கெல்டன், எழுபத்தொன்பது.
பாட்டு என்ற கட்டத்தில் ஒரு கோடு.
வந்தவர்கள்: பெட்டி தூக்கிய நால்வர்,
மழைக்கோட்டைக் கழற்றாத பாதிரியார்.
நானும் சேர்த்தி என்றால் நானும்.
பொத்தானை அழுத்தினார்கள். திரை நகர்ந்தது.
பாதம் தானாக முன்னே சாய்ந்தது.
யாரிடமிருந்து மறைக்கிறேன்?
குதிகாலை இறக்கினேன்.
விரல்களையும் எடுத்தேன்.

அப்போதுதான் கேட்டது.
நினைத்ததுபோல் கரகரப்பில்லை.
கைவேலையில் மூழ்கிய ஒருவர்
வாய் திறக்காமல் முனகுவதுபோல.
கட்டைகளில் தேடினேன்:
பி ஃபிளாட்டுக்கு ஒரு மயிரிழை கீழே.
இத்தனை வருடமும்
நான் வாசித்த எல்லாவற்றுக்கும் அடியில்
அது சுருதி பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.
நான்தான் மேலே ஏறி மிதித்திருக்கிறேன்.

ஒற்றை விரலை வைத்தேன்.
எது மோட்டார் எது ஆர்கன் என்று
பாதிரியார் தலையைத் திருப்பும் அளவுக்கு
பாதத்தைச் சாய்த்தேன், அதற்கு மேல் இல்லை.
இரண்டுக்கும் நடுவிலிருந்த அந்த மயிரிழை
காற்றில் துடித்தது,
மெதுவாக, ஒரு நாடி போல.
இருபத்திரண்டு நொடி.
பிறகு மோட்டார் நின்றது.
துடிப்பும் நின்றது.
என் சுரம் மட்டும் நேர்கோடாக நீண்டது,
எப்போது எடுப்பது என்று தெரியாமல்.
நால்வரில் இளையவன் தொண்டையைச் செருமினான்.
எடுத்தேன்.

பத்தரைக்கு மீன் ஏலக்காரர் ஒருவர்.
முந்நூறு பேர் வருவார்களாம்,
சத்தமாக வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.
வாசிப்பேன்.
திரை மூடும்போது எவ்வளவு மிதிப்பது என்று
காலிடம் இன்னும் சொல்லவில்லை.