கூப்பிடு தூரம்

அரூர் விடுதியில் இரவு பத்து மணிக்கு
வரைபடத்தின்மேல் தையல் நூல் வைத்து அளந்தோம்.
வளைவுக்கு வளைவு நாகவேணியின் நகம் அழுத்த
நூல் சொன்னது பதினோரு கிலோமீட்டர்.
கோடுகள் நெருங்கிக் கிடந்த இடத்தில்
பென்சிலால் எழுதினாள்: மூச்சு வாங்கும்.
அதற்குக் கீழே, இரண்டு முறை அடிக்கோடிட்டு:
எங்கே நின்றாலும் இரண்டு மணிக்குத் திரும்புகிறோம்.

காலையில், சித்தேரி மலையில்,
சாமைக்கட்டு சுமந்து எதிரே வந்தவரிடம் கேட்டோம்,
அடுத்த ஊற்று எவ்வளவு தூரம்.
"கூப்பிடு தூரந்தான்" என்றார்.
நடந்தோம், ஒன்றரை மணி நேரம்.
யார் கூப்பிட்டு அளந்தது அதை,
எந்தத் தொண்டை?

ஊற்றில் தண்ணீர் இருந்தது, பன்றிக் காலடியும்.
கைப்பேசியின் நீலப் புள்ளி மட்டும்
எப்போதோ கடந்துவந்த ஓடையிலேயே
உட்கார்ந்துகொண்டது.

ஒன்று ஐம்பத்தைந்து.
உச்சி தெரிகிறது,
பாறையும் அதன்மேல் ஒரு கொடிக்கம்பும்.
"இருபதே நிமிஷம்" என்கிறான் தீர்த்தகிரி.
பெயரிலேயே மலை வைத்திருப்பவன்
வேறென்ன சொல்வான்.
நாகவேணி பதில் சொல்லவில்லை.
பையை மாட்டிக்கொண்டு கீழ்நோக்கித் திரும்பினாள்.

பாதி இறக்கத்தில் மூடுபனி.
முன்னால் போனவளின் சிவப்புப் பையை முதலில் தின்றது,
பிறகு என் முழங்காலுக்குக் கீழே எல்லாவற்றையும்.
ஓ, என்றேன்.
ஓ, இடப்பக்கம், தாழ்வாக.
ஓ, பின்னாலிருந்து, இன்னும் கோபமாக.
கேட்ட பிறகே அடுத்த அடி.
கேட்கவில்லையென்றால் நின்றோம்.
அவ்வளவுதான் அன்றைக்குக் கூப்பிடு தூரம்,
பத்தடி, சில இடங்களில் ஆறு.

கடைசிப் பேருந்துக்குக் காத்திருக்கையில்
நூலை மறுபடி வைத்துப் பார்க்கிறேன்:
உச்சிக்கு ஒரு விரற்கடை மிச்சம்.
தீர்த்தகிரி எட்டிப் பார்க்கிறான்,
டீ எனக்கும் சொல்லியிருக்கிறான்.